நாய்க்கு வீடு பார்க்கும் படலம்

தான் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டுக்குள் நாலு கால் உள்ள எதுவும் புதிதாக நுழையக் கூடாது என்று ஆனால்காரர் ஒரு காலை வேளையில் அறிவித்தார். மேசைக்கும் நாற்காலிக்கும் விலக்கு உண்டு என்று பெரிய மனது பண்ணிச் சேர்த்துக்கொண்டார். காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமல் "சரி" என்றாள்.

அந்தச் 'சரி'யைக் கேட்டதுமே மனிதர் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் எதிர்த்துச் சண்டை போட்ட விஷயங்களில் அவர் அவ்வப்போது ஜெயித்ததுண்டு. அவள் 'சரி' என்று சொல்லிவிட்ட விஷயத்தில் ஜெயித்ததாகச் சரித்திரமே கிடையாது. இருந்தாலும் அன்றைக்கு அவர் மீசையைத் தடவிக்கொண்டு, வீட்டில் தன் பேச்சு எடுபடுகிறது என்று நம்பியபடி ஆபீசுக்குக் கிளம்பினார்.

ஆனால்காரர் என்பது ஆபீசில் வைத்த பட்டப்பெயர். அவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. பாலிசி கேட்கிறவர்களின் கடைக்கும் கிடங்குக்கும் நேரில் போய், எந்த மூலையில் என்ன ஆபத்து ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். "கட்டடம் நல்லாத்தான் இருக்கு, ஆனால்..." என்று ஆரம்பிப்பார். அந்த ஆனாலுக்குப் பிறகு பிழைத்து வந்த விண்ணப்பங்கள் ரொம்பக் குறைவு. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் அலங்கார விளக்கின் வயரை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டுவார்.

வாரம் முழுக்க இப்படி ஆபத்தைத் தேடி அலைகிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம்தான் சொர்க்கம். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் கூடத்துச் சோபாவில் சாய்ந்துவிடுவார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் இந்த உலகத்துக்குத் திரும்பி வருவார். நாய் என்று ஒன்று வந்தால் குளிப்பாட்ட வேண்டும், வெளியே கூட்டிப் போக வேண்டும், குரைத்தால் ஏன் என்று கேட்க வேண்டும். தூக்கம் போய்விடும். அவருடைய பயமெல்லாம் அந்த ஒன்றுதான். வெளியில் சொன்னதோ, சுகாதாரம், அக்கம்பக்கத்தாரின் நிம்மதி, பிராணிகளின் சுதந்திரம்.

சில நாள் கழித்து மனைவி தானாகவே பேச்சை எடுத்தாள். ஊர் ஓரத்தில் பிராணிகள் காப்பகம் ஒன்று இருக்கிறதாம். வண்டியில் அடிபட்டது, வீடு மாறிப் போனவர்கள் வாசலிலேயே விட்டுவிட்டுப் போனது என்று எல்லாவற்றையும் எடுத்து வந்து, உடம்பைத் தேற்றி, நல்ல இடமாகப் பார்த்துத் தத்துக் கொடுக்கிறார்களாம். அவள் போய்க் கேட்டுவிட்டும் வந்துவிட்டாள். ஆனால்காரர் வாயைத் திறப்பதற்குள் அவளே பெருமூச்சு விட்டாள்.

"நமக்கெல்லாம் எங்க குடுக்கப் போறாங்க. ஆபத்து இருக்கிற வீடுன்னா குடுக்கவே மாட்டாங்களாம். பின்தெரு டீச்சருக்கு மாட்டேன்னுட்டாங்க."

"ஏனாம்?"

"பால்கனி கம்பி இடுக்கு பெருசா இருக்காம். குட்டி நழுவி விழுந்துடுமாம்."

"அதுக்காக ஒரு நாயைக் குடுக்கலையா?"

"அவ்வளவு கறாரு. ஞாயித்துக்கிழமை காலையில ஒரு மேடம் வராங்க. சும்மா பார்த்துட்டுப் போகட்டுமே. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்."

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மனைவி வேலை பார்ப்பது ஒரு பல் டாக்டரிடம், வரவேற்பில். வாசலைப் பார்த்ததுமே வந்த வழியே திரும்பி ஓடப் பார்க்கிறவர்களை, "டாக்டர் சும்மா பார்க்கத்தான் போறாரு" என்று சொல்லி நாற்காலியில் உட்கார வைப்பது அவள் பொறுப்பு. அந்தச் 'சும்மா'வை நம்பி உள்ளே போன எத்தனையோ பேர் ஒரு பல் குறைவாக வெளியே வந்திருக்கிறார்கள்.

ஆனால்காரருக்கு அது தோன்றவில்லை. அவர் மனசு குதியாட்டம் போட்டது. ஆபத்து இருந்தால் கொடுக்க மாட்டார்களா? ஆபத்தைக் காட்டுவதற்கு இந்த ஊரிலேயே தன்னைவிட ஆள் உண்டா? கேட்டில் தாழ்ப்பாளைக் கழற்றி வைப்பது, சுவரைச் சுரண்டி வைப்பது மாதிரியான பித்தலாட்டமெல்லாம் அவருக்கு ஆகாது. பொய் சொல்ல மாட்டார். உண்மையையே தேவைக்கு மேல் சொல்வார். அதிலேயே அவர் ஆபீசில் எத்தனை கிடங்குகளைக் கவிழ்த்திருக்கிறார்.

திட்டத்தை எதிர்வீட்டு டிரைவரிடம் மட்டும் சொன்னார். டிரைவர் சொந்தமாக வாடகைக் கார் ஓட்டுகிறவர். தெருவில் நாய் சேர்ந்தால் கார் டயர்தான் முதலில் பாழாகும் என்று அவருக்கும் கவலை. பக்கபலமாகத் தானும் வந்து நிற்பதாக வாக்குக் கொடுத்தார்.

டிபன் நேரத்தில் ஆனால்காரர் ஆபீசில் உட்கார்ந்து படித்தார். நாய் எதைத் தின்றால் செத்துப்போகும், எதில் மாட்டிக்கொள்ளும், எந்த இடைவெளியில் தலையை விட்டு எடுக்க முடியாமல் தவிக்கும் என்று தேடித் தேடிப் படித்தார். பரீட்சைக்குக்கூட அவர் அப்படிப் படித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த காப்பகத்து அம்மாள் நரைத்த தலையும் தோளில் துணிப்பையுமாக இருந்தார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லி, எந்தப் பக்கம் என்று கேட்காமலே நேராகப் பின்பக்கக் குழாய்க்குப் போய் வந்தார். ஆனால்காரர் அப்போது தொண்டையைக் கனைத்துத் தயார் பண்ணிக்கொண்டிருந்தார்.

ஆரம்பித்தார் பாருங்கள், அடைமழைதான். கேட்டின் அடியில் உள்ள இடைவெளியைக் குனிந்து காட்டினார். சின்ன நாய் தாராளமாக நுழைந்து தெருவுக்குப் போய்விடும், கீழே ஒரு தகடு அடித்தாலொழிய தடுக்க முடியாது என்றார். டிவிக்குப் பின்னால் தொங்கும் வயர்களைக் கடித்தால் அந்த நிமிஷமே கதை முடிந்தது. தரை துடைக்கும் மருந்து குளியலறைத் தரையிலேயே இருக்கிறது. அவருடைய பிரஷர் மாத்திரை முழங்கால் உயரத்து மேசையில் கிடக்கிறது. ரெண்டு மாத்திரை உள்ளே போனால் எந்த டாக்டராலும் காப்பாற்ற முடியாது.

மனைவி குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மூச்சு வாங்க நின்ற இடத்தில் மட்டும், "மாடியை விட்டுட்டீங்களே" என்று எடுத்துக் கொடுத்தாள். மாடிக்கு ஓடினார். கைப்பிடிச் சுவர் தாழ்வு, பூந்தொட்டி மேல் ஏறினால் அந்தப் பக்கம்தான் விழும். "அப்போ என்னதான் பண்றது?" என்று அவள் கவலையாகக் கேட்டாள். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. தொட்டிகளை நடுவுக்கு நகர்த்தி, சுவர் மேல் வலை கட்ட வேண்டும் என்று வலையின் கண் அளவு வரை சொன்னார்.

காப்பகத்து அம்மாள் சுவரையும் பார்க்கவில்லை, தொட்டியையும் பார்க்கவில்லை. ஆனால்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் திறமையில் அந்த அம்மாள் அசந்துபோய்விட்டதாக ஆனால்காரர் எடுத்துக்கொண்டார்.

வீடு தீர்ந்ததும் தெருவுக்கு இழுத்துப் போனார். வளைவில் ஸ்கூட்டர்கள் வேகத்தைக் குறைப்பதே இல்லை. மளிகைக்கடைக்குப் பின்னால் எலி மருந்தைத் திறந்த தட்டில் வைக்கிறார்கள். அங்கே பக்கபலத்துக்காகக் கைகட்டி நின்றிருந்த டிரைவரையும் அவர் விடவில்லை.

"இந்த சாரையே எடுத்துக்குங்க. காலையில வண்டியில ஏறினதும் ஸ்டார்ட் பண்ணிடறாரு. தெருப் பூனைங்க இன்ஜின் சூட்டுக்கு உள்ள போய்ப் படுத்திருக்கும். பானெட்டை ரெண்டு தட்டு தட்டிட்டு எடுத்தா கை தேஞ்சா போயிடும்?"

டிரைவர் முகம் சுருங்கிப்போயிற்று. "அண்ணே, நான் உங்க பக்கம்" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

காப்பகத்து அம்மாள் முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டார். "உங்களுக்கு நாய் பிடிக்குமா சார்?"

இதற்காகத்தான் அவர் காத்திருந்தார். "பிடிக்காது" என்றார் ஆணித்தரமாக. பிறகு, சொன்னது போதும் என்று நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரிந்தால் அவர் ஏன் ஆனால்காரர்? "ஆனா மேடம், எனக்குப் பிடிக்கலைங்கிறதுக்காக ஒரு வாயில்லா ஜீவன் வண்டியில மாட்டிச் சாகணுமா? வீட்டுக்குள்ள கொண்டுவந்துட்டா அப்புறம் அது நம்ம பொறுப்பு இல்லையா? அதனாலதான் சொல்றேன், இந்த வீடு லாயக்கில்லை."

அவருக்கே குரல் கொஞ்சம் கரகரத்துவிட்டது. படித்ததெல்லாம் மண்டையில் ஏறி நின்றதால் வந்த வினை. காப்பகத்து அம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ரொம்பக் கவனமாப் பார்க்கறீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஆனால்காரர் அன்று மத்தியானம் தூங்கிய தூக்கத்தில் குறட்டைச் சத்தம் எதிர்வீட்டுக்கே கேட்டதாம். டிரைவர்தான் பிறகு சொன்னார், கொஞ்சம் கசப்போடு.

அந்த வாரம் வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்டது. வெல்டர் வந்து கேட்டின் அடியில் தகடு வைத்தார். எலக்ட்ரீஷியன் வயர்களைக் குழாய்க்குள் மறைத்தார். மாடியில் வலை ஏறியது. ஆனால்காரருக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது.

"எதுக்கு இதெல்லாம்? அதான் குடுக்க மாட்டாங்களே?"

"நீங்க சொன்னதையெல்லாம் கேட்டப்புறம் இந்த வீட்டுல மனுஷங்க இருக்கிறதுக்கே பயமா இருக்கு. இத்தனை நாள் உயிரோட இருந்தது பெரிய விஷயம்."

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. பெருமையாகவும் இருந்தது. கட்டினவளே தன் வார்த்தைக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறாளே என்று நெஞ்சு நிமிர்ந்தது. வெல்டர் வைத்த தகட்டில் ஒரு விரல் இடைவெளி இருந்ததைக் கண்டுபிடித்து, கழற்றி மறுபடி வைக்கச் சொன்னார். வலையைத் தானே இழுத்து இழுத்துப் பார்த்தார். பிரஷர் மாத்திரை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறியது. மளிகைக்கடைக்காரரிடம் எலி மருந்துக்காக வாதாடிவிட்டும் வந்தார். கடைக்காரர் தட்டை எடுத்து உள்ளே பூட்டி வைத்தார். டிரைவர்கூட இப்போது பானெட்டைத் தட்டிவிட்டுத்தான் வண்டி எடுத்தார், அதுவும் ஆனால்காரர் காதில் விழுகிற மாதிரி ஓங்கி.

அடுத்த ஞாயிறு மத்தியானம். சோபாவில் சாய்ந்து, கண் அப்போதுதான் செருகியிருந்தது. வாசல் மணி அடித்தது. மனைவி எழுந்து போவாள் என்று காத்திருந்தார். "நீங்களே போய்ப் பாருங்களேன், கை வேலையா இருக்கேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

கதவைத் திறந்தால் காப்பகத்து அம்மாள். கையில் ஒரு கயிறு, கயிற்றின் முனையில் பழுப்பு நிறத்தில் நடுத்தர வயசு நாய். ஒரு பின்னங்காலைத் தரையில் முழுதாக ஊன்றவில்லை. ஆனால்காரரை அண்ணாந்து பார்த்தது. வாலை ஆட்டலாமா கூடாதா என்று யோசிப்பது தெரிந்தது.

"கால்ல என்ன?" என்று கேட்டுவிட்டார். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தார்.

"கார் ஏறிடுச்சு சார். அடியில படுத்திருந்தது தெரியாம, தட்டிப் பார்க்காம எடுத்துட்டாங்க."

அவர் கை தானாகவே அந்தக் காலைத் தொடப் போனது. சமாளித்துக்கொண்டார். "மேடம், எங்கேயோ தப்பு நடந்திருக்கு. இந்த வீடு லாயக்கில்லைன்னு நானே காட்டினேனே."

"வீட்டை நான் போன மாசமே வந்து பார்த்துட்டேன் சார். நீங்க ஆபீஸ் போயிருந்தீங்க. வீடு ஓரளவு சரிதான். ஆனா வீட்டுல இருக்கிற எல்லாரையும் பார்க்காம நாங்க குடுக்கறதில்லை. அன்னைக்கு நான் உங்களைத்தான் பார்க்க வந்தேன்." அந்த அம்மாள் இப்போதுதான் சிரித்தார். "எல்லாரும் இருக்கிற ஆபத்தை மறைப்பாங்க. எங்களுக்கே தெரியாத ஆபத்தையெல்லாம் காட்டினது நீங்க ஒருத்தர்தான். உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் நாங்க தேடிக்கிட்டே இருக்கோம்."

ஆனால்காரர் திரும்பிப் பார்த்தார். கை வேலையாக இருந்த மனைவி கையைக் கட்டிக்கொண்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். நாய் அவரைத் தாண்டிக்கொண்டு நொண்டி நொண்டி உள்ளே போயிற்று. போகிற வழியில் அவர் பாதத்தை மட்டும் ஒரு தடவை நக்கியது. அவரால் அதைத் தடுக்க முடியவில்லை. தடுக்க மனசும் வரவில்லை.

காப்பகத்து அம்மாள் கயிற்றை அவர் கையில் கொடுத்தார். தத்துக் கேட்கிற வீடுகளைப் போய்ப் பார்க்க அவர்களுக்கு ஆள் போதவில்லையாம். தெருத் தெருவாகவும் பார்க்க வேண்டியிருக்கிறதாம். இந்த மாதிரிக் கண் ஒன்று கூட வந்தால் எத்தனையோ உயிர் பிழைக்கும் என்றார். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான், சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினால் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடலாம், வர முடியுமா என்று கேட்டார்.

ஆனால்காரர் வாயைத் திறந்தார். 'ஆ' என்ற முதல் எழுத்து மட்டும்தான் வெளியே வந்தது.

"தாராளமா வருவாரு மேடம்," என்றாள் மனைவி. "ஞாயித்துக்கிழமை மத்தியானம்னா அவருக்கு ஒரு வேலையும் கிடையாது."