நானூறு தொட்டி, நட்டம் இல்லை

சங்கம் என்று ஒன்று இருக்கும் இடமெல்லாம் ஒரு ஜீவராசி இருக்கும். அதற்குப் பொருளாளர் என்று பெயர். பணத்தைத் தின்னுகிற ரகத்தைச் சொல்லவில்லை. தின்றாலாவது காசு நாலு கை புழங்கும். நான் சொல்வது காக்கிற ரகம். இவர் கைக்குப் போன ரூபாய் மறுபடி வெயில் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

சந்தேகம் இருந்தால் எங்கள் விருத்தாசலத்துக்கு வாருங்கள். மாநிலம் பூராவும் ஆயிரத்து இருநூறு உறுப்பினர்கள் உள்ள வீட்டுத்தோட்டப் பிரியர் சங்கத்துக்கு இந்த ஊர் எப்படித் தலைமையிடம் ஆனது என்கிறீர்களா? ஊரில் ஜங்ஷன் இருக்கிறது. நாகர்கோவில்காரரும் சேலத்துக்காரரும் ரயிலை விட்டு இறங்கி, செயற்குழுவில் ஒரு கையெழுத்தும் இரண்டு போண்டாவும் போட்டு, பயணப்படி வாங்கிக்கொண்டு, அடுத்த ரயிலைப் பிடிக்க வசதி. தவிர, சூளையில் கொஞ்சம் கோணிப்போன பீங்கான் தொட்டிகள் இங்கே மலிவு.

பொருளாளர் ஜம்புநாதன், ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். அவர் வீட்டில் ஒரு துளசிகூடக் கிடையாது. செடி வைத்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றினால் தண்ணீர் செலவாகும். பொதுக்குழுவில் வங்கி இருப்பை வாசிக்கும்போது மட்டும் அவருக்குக் குரல் தழுதழுக்கும். இரண்டு லட்சத்து நாற்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினேழு ரூபாய், முப்பத்தைந்து பைசா. பைசாவுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

2003 மே மாதம், கத்திரி வெயிலில், சங்கத்து நாற்றுக்கூடத்தின் மோட்டார் புகைந்து நின்றது. நாற்றுக்கூடம் இருந்தது உபகாரமேரி அம்மாள் வீட்டுப் பின்பக்கம். வாடகை கிடையாது, சம்பளம் கிடையாது, ஆகையால் சங்கத்துக்கு அவர் மேல் அபார மரியாதை. மாவட்டந்தோறும் உறுப்பினர்கள் அனுப்பிய ரோஜாக் குச்சிகளை வேர்விட வைத்து, ஜூலை கண்காட்சிக்காக இரண்டு வருடமாக நானூறு தொட்டிகளில் வளர்த்துக்கொண்டிருந்தார். கருகிய கம்பிச்சுருளை எடுத்துவிட்டு மோட்டாருக்குப் புதுக் காயில் கட்ட ஆயிரத்து நானூறு ரூபாய் வேண்டும். ஜம்புநாதனிடம் போனார்.

“சார், தெருக் கொழாயிலேந்து நானும் வூட்டுக்காரரும் சொமந்து ஊத்துறோங்க. இன்னும் ஒரு வாரத்துக்கு மேல செடி தாங்காதுங்க.”

“பணம் எங்கம்மா போவப்போவுது? பத்திரமா இருக்குது. மூணு கொட்டேஷன் வாங்கியாந்துடுங்க.”

“நானே கடன ஒடன வாங்கிக் கட்டிடறேங்க. அப்புறமா குடுங்க.”

“முன் அனுமதி இல்லாத செலவ சங்கம் ஏத்துக்காதும்மா. போன வருஷத்துப் பூச்சிமருந்து ஞாபகம் இருக்குதுல்ல?”

ஞாபகம் இருந்தது. அவர் கைக்காசு போட்டு வாங்கிய அந்த நூற்றெழுபது ரூபாய் இன்னும் பரிசீலனையில் இருந்தது. அதற்குத் துணையாக ஆயிரத்து நானூறையும் அனுப்பிவைக்க அந்த அம்மாளிடம் வசதி இல்லை.

அவரும் வெயிலில் பஸ் ஏறி மூன்று கொட்டேஷன் வாங்கி வந்தார். உள்ளூரில் ஒன்று, வேப்பூரில் ஒன்று, திட்டக்குடியில் ஒன்று. திட்டக்குடிக்காரர் ஐம்பது ரூபாய் குறைவு. குறைந்ததைத்தான் ஏற்க வேண்டும் என்பது விதி. ஆனால் மோட்டாரைத் திட்டக்குடிக்கு ஏற்றிப்போக இருநூறு ரூபாய் ஆகும், அது கொட்டேஷனில் இல்லை. இதைத் தீர்மானிக்கச் செயற்குழு கூடியது. நானும் அதில் ஒருவன். இது பராமரிப்புச் செலவா, மூலதனச் செலவா என்று இரண்டு மணி நேரம் வாதாடி, ஆளுக்கொரு டீ குடித்து, விஷயத்தைத் துணைக்குழுவுக்கு அனுப்பினோம். அன்றைய பயணப்படி மட்டும் இரண்டாயிரத்து நூற்று முப்பது. செலவு செய்யாமல் சிக்கனம் வருமா?

துணைக்குழு ஜூன் மாதம் போய்ப் பார்த்தபோது நாற்றுக்கூடத்தில் சுள்ளிதான் இருந்தது. ஜம்புநாதன் இருப்பு ஏட்டைப் பிரித்து, தொட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

“நானூறும் சரியா இருக்குது. ஒண்ணுகூட ஒடையல. சங்கத்துக்கு நட்டம் ஏதும் இல்லீங்க.”

“செடிங்க?” என்றார் உபகாரமேரி.

ஜம்புநாதன் ஏட்டைத் திருப்பிக் காட்டினார். தொட்டி காசு கொடுத்து வாங்கியது, பதிவு உண்டு. செடி உறுப்பினர்கள் சும்மா கொடுத்தது, பதிவு இல்லை. ஏட்டில் பிறக்காதது எப்படிச் சாகும்?

கண்காட்சி நடக்கவில்லை, பொதுக்குழு நடந்தது. ‘செடிகள் இல்லாமையால் மோட்டார் பழுதுபார்க்கும் அவசியம் எழவில்லை. அவ்வகையில் மிச்சம் ரூபாய் ஆயிரத்து நானூறு’ என்று ஜம்புநாதன் அறிக்கை வாசித்தார். மண்டபம் அதிரக் கை தட்டினார்கள். உபகாரமேரி எழுந்து வந்து நாற்றுக்கூடத்துச் சாவியை மேசைமேல் வைத்தார்.

“ஒரு நாளாவது வந்து ஒரு கொடம் ஊத்தியிருந்தீங்கன்னா, இந்தக் கணக்க இப்பிடி வாசிச்சிருக்க மாட்டீங்க சார். போயிட்டு வரேங்க.”

சாவிக்கு ஜம்புநாதன் ரசீது எழுதி முடிப்பதற்குள் அந்த அம்மாள் படியிறங்கிவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அறிக்கையை வழிமொழிந்தேன். வரிசைப்படி அன்று என் முறை.

நல்லவேளை, நான் எந்தச் சங்கத்திலும் இல்லை என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன மாதம் உங்கள் வீட்டில் ஒருவர் பல் வலிக்கிறது என்றார். ‘ஒண்ணாந்தேதி வரட்டும், பார்க்கலாம்’ என்றீர்கள். ஒண்ணாந்தேதியும் வந்து போனது. அவர் இப்போதெல்லாம் வலிக்கிறது என்று சொல்வதில்லை. செலவு மிச்சம்.