ஐம்பது மீட்டர்

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் சொந்த வீட்டில் தனக்கு ஒரு வேலை போட்டுத் தரும்படி சொந்த மனைவியிடம் எழுத்து மூலம் மனுக் கொடுத்துவிட்டு, உத்தரவு வரும்வரை கூடத்தில் விறைப்பாக நின்றவர் எங்கள் கீழ்வீட்டு 'ஐம்பது மீட்டர்' ஒருவர்தான். நான் கதை விடுவதாக நினைக்க வேண்டாம். அந்த மனுவில் எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்ததே நான்தான்.

காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையம் பக்கம் அவர்கள் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். பேங்கில் குமாஸ்தா, தனிக்கட்டை. கீழ்வீட்டில் என்ன பேசினாலும் படிக்கட்டு வழியாக என் காதுக்கு வந்துவிடும். நான் ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. அவர் குரல் அப்படி.

மனிதர் மலைப்பாதைகளில் ராணுவ லாரி ஓட்டியவர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். ஆனால் வருடத்துக்கு இரண்டு மாத லீவில்தான் வீட்டுக்கு வருவார். கூட்டிப் பார்த்தால் அவரும் கோமதியக்காவும் ஒரே கூரைக்குக் கீழே நாலு வருடம்கூட இருந்ததில்லை. அவர் இல்லாத காலமெல்லாம் அக்கா வாசல் அறையில் தையல் மிஷினைப் போட்டு, பட்டுப்புடவைக்கு பிளவுஸ் தைத்து, பெண்ணையும் படிக்க வைத்துவிட்டாள். பெண் வேலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

ஓய்வு பெற்று வந்தவருக்கு முதல் இரண்டு மாதம் ராஜ உபசாரம். தினம் வடை, பாயசம், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு. வாசனை பிடித்தே நான் இரண்டு கிலோ ஏறினேன். இரண்டு மாதம் முடிந்த மறுநாள் காலையில் அக்கா மிஷினை மிதித்துக்கொண்டே, பழக்க தோஷத்தில், "ஏங்க, எப்ப கெளம்பறீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

"கெளம்பறதுக்கு இனிமே எங்கம்மா இடம் இருக்குது?" என்றார் அவர்.

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அன்றோடு வடை நின்றது. அன்றிலிருந்துதான் அந்த மனிதர் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வீட்டில் விருந்தாளியாக இருக்கப் போவதில்லை. ஏதாவது ஒரு வேலையைப் பிடித்தே தீருவது.

முதல் வேலையாக, வாலாஜாபாத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு நாலு பிளவுஸைக் கொண்டுபோய்க் கொடுக்கும்படி அக்கா ஸ்கூட்டர் சாவியைத் தந்தாள். என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்புகளில் அது ஒன்று. ராணுவத்தில் வரிசையாகப் போகும்போது முன்னால் போகிற லாரிக்கும் நமக்கும் நடுவே ஐம்பது மீட்டர் இடைவெளி விட வேண்டுமாம். அதையே அவர் வாலாஜாபாத் ரோட்டிலும் கடைப்பிடித்தார். ஐம்பது மீட்டர் காலியாக இருந்தால் எங்கள் ஊர் ஷேர் ஆட்டோ சும்மா விடுமா? ஒன்று உள்ளே புகுந்தது. இவர் வேகத்தைக் குறைத்து, மறுபடி ஐம்பது மீட்டர் விட்டார். இன்னொன்று புகுந்தது. பின்னால் வந்தவன் எல்லாம் எங்களுக்கு முன்னால் போய்விட்டான். ஐயம்பேட்டையில் ஒரு மாட்டுவண்டியும் முந்தியது.

"கொஞ்சம் முறுக்குங்களேன்" என்றேன்.

"சார், டிசிப்ளின் இல்லாம போய் சீக்கிரம் சேர்றதைவிட, டிசிப்ளினோட போய் லேட்டா சேரலாம்."

லேட்டாகத்தான் போனோம். அங்கே பெண் பழைய பிளவுஸைப் போட்டுக்கொண்டு நிச்சயதார்த்தத்தை முடித்திருந்தாள். அக்கா சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். தெருவில் அவருக்கு 'ஐம்பது மீட்டர்' என்று பெயரும் விழுந்தது. அவருடைய உண்மையான பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகுதான் அந்த மனு. 'மேற்படி வீட்டில் என் தகுதிக்கேற்ற பணி ஒன்றை ஒதுக்கித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அக்கா அதை வாங்கிப் படித்தாள். பின்பக்கம் காலியாக இருக்கவே, அங்கே யாரோ ஒரு அம்மாவின் தோள் அளவைக் குறித்துக்கொண்டு சொன்னாள்:

"இத பாருங்க. மூணு மாசம் டைம் தரேன். என் வேலைக்குக் குறுக்க வராம, உருப்படியா ஒண்ணு செஞ்சு காட்டுங்க. இல்லன்னா உங்க சிநேகிதரு பாய் சொன்னாரே, ஓசூர்ல செக்யூரிட்டி வேலை, அதுல சேர்ந்துடுங்க. தங்க ரூம் தராங்களாம். மாசத்துக்கு ஒருவாட்டி வந்துட்டுப் போங்க. நமக்கு அதான் பழகிப்போச்சு."

பாய் என்பவர் இவரிடம் ராணுவத்தில் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டவர், அந்த மரியாதையில் இவரை 'உஸ்தாத்' என்றுதான் கூப்பிடுவார். இப்போது கம்பெனிகளுக்குக் காவல் ஆள் பிடித்துக் கொடுக்கிறார். ஓசூர் என்றதும் ஐம்பது மீட்டர் முகம் சுண்டிப் போயிற்று.

"கேட்ல நிக்கறதுக்கு எனக்கு பயம் இல்ல சார்" என்று மாடிக்கு வந்து என்னிடம் சொன்னார். "பனியிலயே நின்னவன் நான். ஆனா இவ்ளோ வருஷம் கழிச்சு இப்பதான் சார் பொண்டாட்டி கூட இருக்கறேன். நான் ஓசூருக்குப் போவ மாட்டேன்."

அந்த உறுதி என்னை நெகிழ வைத்தது. அடுத்த வாரமே எரிச்சலும் மூட்டியது. வேலை தேடுகிற வேகத்தில் அவர் அக்காவின் நூல் கண்டுகளுக்கெல்லாம் நம்பர் ஒட்டி, சிப்பாய் வரிசையில் அடுக்கினார். அரக்கு எங்கே, மயில்கழுத்து எங்கே என்று தெரியாமல் அக்கா அரைநாள் திண்டாடினாள். தோட்டத்துச் செடிகளை ஒரே உயரத்துக்கு வெட்டினார். அதில் தக்காளியும் போயிற்று. என் செருப்பு படிக்கட்டில் கோணலாகக் கிடப்பதாக என்னிடம் விளக்கம் கேட்டார். நான் வாடகை கொடுத்துக் குடியிருக்கிறேனா, தண்டனை அனுபவிக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

இப்படியே இரண்டு மாதம் வீணாகப் போன பிறகுதான் அவர் அந்த விஷயத்தைக் கண்டுபிடித்தார். அக்கா மத்தியானம் உட்கார்ந்து சாப்பிடுவதே இல்லை. இரண்டரைக்கோ மூன்றுக்கோ, ஆறிப்போன சோற்றைத் தட்டில் போட்டு, மிஷின் பக்கத்தில் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடி ஊசியில் நூல் கோக்கப் போய்விடுவாள். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். அதைப் பார்ப்பதற்கு அந்த வீட்டில் ஆள் இருந்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சரியாக ஒரு மணிக்கு விசில் சத்தம் கேட்டது. மாடியில் தூங்கிக்கொண்டிருந்த நான் கட்டிலிலிருந்து விழுந்தேன். கீழே வந்து பார்த்தால், கூடத்தில் இலை போட்டு, சுடச்சுடச் சோறும் சாம்பாரும் வைத்து, பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டிருக்கிறார். சமைத்ததும் அவர்தான்.

"உங்களுக்கு இன்னா பைத்தியமா? கை வேலையா இருக்கறேன்" என்று அக்கா கத்தினாள்.

"ஜவானுக்கு சாப்பாடு ஆவாம வண்டி நகராது. உக்காரும்மா."

திட்டிக்கொண்டே உட்கார்ந்தாள். அதிலிருந்து தினமும் ஒரு மணிக்கு விசில். பக்கத்து வீடுகளில் தறியில் இருந்தவர்கள்கூட விசில் கேட்டதும் நெசவை நிறுத்திவிட்டு எழுந்து போனார்கள். தெருவே ஒரு மணிக்குச் சாப்பிட ஆரம்பித்தது. சாம்பாரில் உப்பு அதிகம், ரசத்தில் புளி போதாது என்று அக்கா தினம் ஒரு குற்றம் கண்டுபிடித்தாள். அவர் சிறு நோட்டில் குறித்துக்கொண்டு மறுநாள் திருத்தினார்.

வினை ஒரு முகூர்த்த சமயத்தில் வந்தது. சென்னையிலிருந்து காரில் ஒரு அம்மா ஆறு பட்டுப்புடவையோடு வந்து இறங்கினார். மணி ஒன்று ஐந்து. நானும் சாப்பாட்டுக்காக பேங்கிலிருந்து வந்திருந்தேன். ஐம்பது மீட்டர் வாசலை மறித்து நின்றார்.

"டெய்லரம்மா சாப்ட்டுக்கினு இருக்கறாங்க. ஒண்ணரைக்கு வாங்கம்மா."

"அடுத்த வாரம் எம்பொண்ணுக்கு முகூர்த்தம்பா! அவசரம்!"

"முகூர்த்தத்துல சாப்பாடு போடுவீங்க இல்ல? அதே சாப்பாடுதாம்மா. ஒண்ணரைக்கு வாங்க."

கார் திரும்பிப் போய்விட்டது. புடவையும்தான். கோமதியக்கா சாப்பிட்ட கையோடு வாசலுக்கு ஓடி வந்து, கார் திரும்பிய மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கையைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தாள்.

"பாய், நாளைக்கு அந்த ஓசூர் வேலை பாரத்தை எடுத்துக்கினு வாங்க. இவரு கையெழுத்து போட்டுடுவாரு."

ஐம்பது மீட்டர் வாதாடவில்லை. மூன்று மாதத்தில் இன்னும் எட்டு நாள் பாக்கி இருப்பதை நான் எடுத்துச் சொன்னேன். "கமாண்டர் முடிவு பண்ணியாச்சு சார்" என்று சொல்லிவிட்டு, கறுப்பு டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தார். விசிலை அதற்குள் போட்டு மூடினார்.

மறுநாள் சனிக்கிழமை, எனக்கு லீவு. வேடிக்கை பார்க்கிற ஆசையில் அல்ல, மனசு கேட்காமல்தான் கீழே போய் உட்கார்ந்தேன். மணி ஒன்று. விசில் இல்லை. ஆனாலும் மிஷின் சத்தம் தானாக நின்றது. அக்கா எழுந்து கையைக் கழுவினாள். கூடத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இவர் அவசரமாக இலையைப் போட்டார்.

முதல் கவளத்தை அவள் வாயில் வைக்கிற நேரத்துக்கு, கையில் காகிதத்தோடு பாய் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, உஸ்தாத் ஒரு கையெழுத்து போட்டா போதும். சாயந்திரம் பஸ் இருக்குது."

ஐம்பது மீட்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை.

"சாப்பிட்டுக்கினு இருக்கறேன் பாய். ஒண்ணரைக்கு வாங்க."

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அக்கா இரண்டாம் முறை ரசம் கேட்டாள். மோர் கேட்டாள். இவ்வளவு நிதானமாக அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. இவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு பரிமாறினார். பாய் செருப்பு மாட்டவா கழற்றவா என்று தெரியாமல் படியிலேயே நின்றார். இலையை மூடிவிட்டு எழுந்தவள் அவரிடம் சொன்னாள்:

"அந்த பாரத்தைக் கிழிச்சுப் போடுங்க பாய். இருபத்திரண்டு வருஷம் எனக்கு மத்தியானப் பசின்னு ஒண்ணு இருந்ததே தெரியாது. இப்ப ஒரு மணியானா பசிக்குது. பசியைக் கெளப்பி வுட்டுட்டு இவரு ஓசூருக்குப் போயிடுவாராம். நான் இன்னா பண்றது?"

ஐம்பது மீட்டர் விறைப்பாக நிற்கப் பார்த்தார், முடியவில்லை. "ரசத்துல புளி சரியா இருந்துதாம்மா?" என்று கேட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "பாய், சார், ரெண்டு பேரும் உக்காருங்க. மணி ஆவுது" என்று அதட்டினார்.

உட்கார்ந்தோம். அன்று ரசத்தில் புளி கொஞ்சம் தூக்கல்தான், யாரும் சொல்லவில்லை.

நான் மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த வீட்டில் இருந்தவரை அந்த மனிதரைத் திட்டாத நாள் கிடையாது. அதற்குப் பிறகு இரண்டு வீடு மாறிவிட்டேன். இரண்டு வீட்டிலும் கீழே அவர் இல்லையே என்றுதான் இருக்கிறது.