சிங்கத்தின் கம்பளத்தில் ஊறுகாய் வாடை

ஒரு காட்டில் நடந்ததாக இதை எனக்குச் சொன்னவள், கம்பளம் சுத்தம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் என் அறைத்தோழி. அவளும் நேரில் பார்க்கவில்லை. ஆகவே முழுப் பொறுப்பேற்க எனக்குத் தைரியமில்லை.

அந்தக் காட்டில் வடிவு என்றொரு கீரி கம்பளம் துவைத்துப் பிழைத்து வந்தது. ஒருநாள் சிங்கராஜாவின் சபைக் கம்பளத்தைத் துவைக்க அழைப்பு வந்தது. ராஜாவுக்குப் பிடித்தால் நிரந்தர வேலை. பிடிக்காவிட்டால் குட்டிகளோடு வேறு காடு தேட வேண்டியதுதான்.

வடிவு சோப்பு போட்டுத் தேய்த்தது. சோப்புப் பிசுக்கு தங்கினால் காலில் ஒட்டும், அழுக்கும் சீக்கிரம் சேரும். அதனால் வினிகர் கலந்த தண்ணீரில் அலசியது.

சபை நிர்வாகியான நரி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தது.

"என்னம்மா இது, சபையா ஊறுகாய்க் கடையா?"

"காய்ஞ்சதும் வாடை போயிடும் சார். ஃபேன் போட்டிருக்கேன்."

"அதுவரைக்கும் ராஜா மூச்சு விடாம இருப்பாரா?"

வடிவு மறுபடியும் தேய்த்து, இந்தத் தடவை வினிகருக்குப் பதிலாகச் சிட்ரிக் அமிலம் கலந்து அலசியது. அதற்கு வாடை கிடையாது. நரி முகர்ந்து பார்த்தது. முகம் இன்னும் சுருங்கியது.

"ஒண்ணுமே மணக்கலையே?"

"அதுதான் சார் சுத்தம்."

"மணக்கலைன்னா நீ துவைச்சது ராஜாவுக்கு எப்படித் தெரியும்?"

"கறை போயிருக்கே சார்."

"ராஜா எதையும் குனிஞ்சு பார்க்க மாட்டாரும்மா."

நரி சரியாக இதே வார்த்தைகளைத்தான் சொன்னதா என்று தோழிக்கு நிச்சயமில்லை. ஆனால் வடிவை வாசலில் நிறுத்திவிட்டுப் புனுகுப்பூனையைக் கூப்பிட்டது நிச்சயமாம். அது வாளி வாளியாகச் சோப்பு நுரையைக் கொட்டித் தேய்த்தது. அலசவே இல்லை. மேலாகப் புனுகுத் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் கைகட்டி நின்றது.

ராஜா வந்தது. ஆழமாக மூச்சிழுத்தது. "ஆகா! இதல்லவோ சுத்தம்!" என்று கம்பளத்தில் சாய்ந்து படுத்தது. கொஞ்ச நேரம் கழித்து எழப் பார்த்தது. முடியவில்லை. வயிற்று மயிரும் நான்கு பாதங்களும் பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"பார்த்தாயா நரி, கம்பளத்துக்கே என்மேல் எவ்வளவு பாசம்!"

வாசலிலிருந்து வடிவு மெல்லச் சொன்னது: "மகாராஜா, அது சோப்புப் பிசுக்குங்க. வினிகர் தண்ணி ஊத்தி அலசினா விட்டுடும்."

"அந்த ஊறுகாய் வாடையா? சீ! அதற்கு நான் இப்படியே இருந்துகொள்கிறேன்."

அப்படியே இருந்துகொண்டது. நிரந்தர வேலை புனுகுப்பூனைக்குப் போனது. வடிவு குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு அடுத்த காட்டுக்கு நடந்தது. வழியெல்லாம் மான்கள் பயமின்றி மேய்ந்துகொண்டிருந்தன. இடையிடையே போனை எடுத்து, புனுகுப்பூனையின் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தன.

நீதி: முதலில் நன்றாக அலசுங்கள், பிறகு கொஞ்சம் வாசனை தெளியுங்கள். இரண்டுக்கும் நேரமில்லையென்றால் அலசுவதை விட்டுவிடலாம்.

கதையில் நான் பிறகு சரிபார்க்க முடிந்தது ஒன்றே ஒன்றுதான்: கெட்டியான புனுகை அப்படியே முகர்ந்தால் நாறும். மிகவும் நீர்க்கச் செய்தால்தான் மணக்கும்.