மெஷின் நல்லாத்தான் இருக்குது

இண்டூர்,
ஜூன் 18, காலை 10.20.

அன்பு மைத்துனன் நவநீதனுக்கு, உன் அக்காள் புருஷன் நஞ்சப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று எழுத வேண்டிய இடத்தில் அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். ஆகையால் அங்கு நீ, சுகுணா, குழந்தைகள் சுகந்தானா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் "செரிங் மாமா, ஷிப்ட்டுக்கு டைம் ஆச்சு" என்று வைத்துவிடுகிறாய். மேலும் இது என் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், எழுத்தில் இருப்பது நல்லது.

போன மாதம் ஓசூரிலிருந்து வந்தபோது சர்க்கரை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி வந்தாயே, "வயசாவுது மாமா, வூட்டுலயே பாத்துக்குங்க" என்று. நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தாய், தெரியும். அதை மூன்று வாரம் பீரோவில் வைத்துவிட்டு, ஜூன் ஒன்பதாம் தேதி காலை 6.10க்கு எடுத்தேன். உங்கள் குழந்தைகளுக்காக மாம்பழத் தாண்ட்ரா போட்டுக்கொண்டிருக்கிறேன் அல்லவா, செந்தூராப் பழத்தைக் கையால் பிழிந்து, சாற்றைப் பாயில் ஊற்றி, காய்ந்ததும் அதன்மேல் அடுத்த பூச்சு. அன்று காலைப் பூச்சை முடித்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு விரலில் குத்தினேன். மெஷின் ஐந்து எண்ணியது. அப்புறம் காட்டியது 397. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், 397. மெஷினைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன், அது எண்ணாகவே இல்லை. பக்கத்து வீட்டுச் சின்னராஜைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நானூறுக்கு மூணு கம்மியாத்தானுங்க இருக்குது, தைரியமா இருங்க" என்று ஆறுதல் சொன்னான்.

அன்று முதல் நான் வாயைக் கட்டிவிட்டேன், மாப்ளே. காபியில் சர்க்கரை இல்லை. சோறு இல்லை, இட்லி இல்லை, வேளைக்கு ஒரு உருண்டை களி, அதற்குத் தொட்டுக்கொள்ளப் பாகற்காய். வீட்டில் இருநூறு மாம்பழம் மணந்துகொண்டு கிடக்க, ஒரு துண்டு நான் வாயில் வைக்கவில்லை, உங்கள் குலதெய்வத்தின்மேல் ஆணை. அப்படியும் இறங்கவில்லை. காலையில் ஒரு பூச்சு, மாலையில் ஒரு பூச்சு, பூச்சு முடிந்ததும் கையோடு கையாக ஒரு குத்து. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன், எனக்குப் பதிவு வைக்கத் தெரியாதா? நோட்டில் கட்டம் போட்டு, தேதி, நேரம், எந்த விரல் என்று எழுதியிருக்கிறேன். 412, 388, 405. ஒருநாள் 441 காட்டியது. அன்று களியைக்கூட நிறுத்திவிட்டு மோர் குடித்துப் படுத்துக்கொண்டேன், மறுநாள் காலை 409. சாப்பிடாதவனுக்கு எங்கிருந்து சர்க்கரை வருகிறது? உடம்பே சர்க்கரையாகக் கரைகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. இதற்குச் சாட்சியும் இருக்கிறது. இரண்டு மாதமாக எங்கள் கழிவறை மூலையில் எறும்பு சாரை சாரையாக வருகிறது. அது எதற்கு வரும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான் தினம் அதைப் பார்த்துக்கொண்டு நின்று, நமக்காகத்தானே வந்திருக்கிறது என்று நினைத்து, இரண்டு தடவை அழுதேன்.

ராணியம்மாள் என்ன செய்கிறாள் என்று கேட்பாய். உன் அக்காளைப் பற்றிக் குறை சொல்லக் கூடாதுதான், ஆனாலும் இந்த நேரத்தில் அவள் நடவடிக்கை எனக்குத் திருப்தியாக இல்லை. நான் ஒருவன் இப்படிக் கிடக்கிறேன், அவளோ எதைச் சொன்னாலும் "இருங்க, ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று போகிறாள். ஒரு குடம் தண்ணீர் மத்தியானத்துக்குள் காலி. உட்கார்ந்த இடத்தில் கண் அசந்துவிடுகிறாள். ரவிக்கையெல்லாம் தொளதொள என்று தொங்குகிறது, கேட்டால் என்னைப் பற்றிய கவலையில் இளைத்துவிட்டதாகவாவது சொல்லலாம், அதுவும் இல்லை. மூன்றாம் நாள் வந்து, "எனக்கும் ஒரு தடவ குத்திப் பாருங்களேன்" என்றாள். பெட்டியில் இருப்பதே இருபத்தைந்து ஸ்டிரிப், நான் ஒரு கணக்கு வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன், இதில் வேடிக்கைக்கு எங்கே போவது? அப்புறம் பார்க்கலாம் என்றேன். ஏழாம் நாள் மெஷின்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. நோயில்லாத ஆளுக்கு என்ன காட்டுகிறது என்று பார்த்தால் மெஷின் சரியா தப்பா என்று தெரிந்துவிடும் அல்லவா. அவள் பாத்திரம் விளக்கி, சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுக் குத்தினேன். 421! என்னைவிட அதிகம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் இரத்தம் மெஷினுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுதான் அவளுக்கும் காட்டுகிறது என்று கண்டுபிடித்தேன். ஸ்பிரிட் போட்டு மெஷினைத் துடைத்து வைத்தேன். அவள், "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லீங்களா?" என்றாள். "ஒனக்கு என்ன கேடு, போய்க் களி கிண்டு" என்று அனுப்பினேன்.

நேற்று டாக்டரைப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். 7.40 டவுன் பஸ். முப்பத்தொரு வருஷத்தில் நான் பஸ்ஸைத் தவற விட்டதில்லை, பஸ்தான் என்னைத் தவற விட்டிருக்கிறது. நேற்று தவற விட்டேன், உன் அக்காளால். தை மாதம் புதுச் செருப்புக் கடித்து அவள் வலது கால் விரலில் ஒரு புண். மஞ்சள் பத்துப் போட்டுத் துணி சுற்றிக்கொண்டு இன்னமும் அதை வைத்துக்கொண்டு நடக்கிறாள். பத்து அடிக்கு ஒரு தடவை நிற்கிறாள். வலிக்கிறதா என்றால், "வலியே இல்லீங்க, மரத்துப் போய்க் கெடக்குது" என்கிறாள். வலியில்லாத காலை வைத்துக்கொண்டு ஏன் நொண்ட வேண்டும்? நாங்கள் மேடு ஏறும்போது பஸ் எங்கள் கண்முன்னே போயிற்று. டைம் 7.41. டிரைவர்மேல் தப்பில்லை.

பஸ் நிறுத்தத்தில் கிராம செவிலியர் கோகிலவாணி நின்றிருந்தது. நோட்டை நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டு, "தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடுங்க சார்" என்றது, பிறகு நோட்டை விட்டுவிட்டுக் கீழே குனிந்து, "அக்கா, கால்ல என்ன?" என்றது. "அது செருப்புக் கடிம்மா, நீ நோட்டைப் பாரு" என்றேன். "ரெண்டு பேரும் போங்க சார். கட்டாயம் ரெண்டு பேரும்" என்று இரண்டு தடவை சொன்னது. துணைக்கு ஆள் வேண்டும் அளவுக்கு என் நிலைமை இருக்கிறது என்று அப்போதே புரிந்துகொண்டேன். நாளை காலை போகிறோம்.

ஆகவே மாப்ளே, சில விஷயங்கள். என் கைக்கடிகாரம் உன் மூத்தவனுக்கு. விசில் சின்னவனுக்கு, வீட்டுக்குள் ஊதக் கூடாது. காரியத்தைத் தீர்த்தமலையில் செய், கூட்டத்துக்கு முன்னால் மலையேறி இறங்கிவிடு. ராணியம்மாளை ஓசூருக்கு அழைத்துக்கொண்டு போய்விடு. எங்களுக்குப் பிள்ளையில்லை, உன்னை விட்டால் யாருமில்லை. அவள் தனியாக இருந்து பழகாதவள், பயப்படுவாள். அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்குக் கவலை. உடனே புறப்பட்டு வா.

சுகுணா தீர்க்க சுமங்கலியாக இருக்கட்டும். குழந்தைகள் கைகால் சுகத்தோடு நூறு வயது இருக்கட்டும். தாண்ட்ரா இருபது பூச்சுக்கு மேல் ஆகிவிட்டது, எப்படியும் வந்து சேரும்.

இப்படிக்கு,
சாவுக்கும் லேட்டாகப் போக விரும்பாத உன் மாமா,
நஞ்சப்பன்.

பின்குறிப்பு: ஜூன் 19, பிற்பகல் 2.35, தர்மபுரி ஆஸ்பத்திரி. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நீ ஷிப்ட்டில் இருக்கிறாய், உன் போனைக் கம்பெனி கேட்டில் வாங்கி வைத்திருப்பார்கள். எடுத்தாலும் எனக்குச் சொல்ல வாய் வராது. ஓசூர் வண்டி கண்டக்டர் பூவரசன் எனக்குப் பழைய பழக்கம், 3.10க்குப் புறப்படுகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். வண்டி போய்ச் சேர்ந்ததும் உன்னைக் கூப்பிடுவான்.

இங்கே இரத்தம் எடுக்கும் பெண் என் விரலைப் பிடித்ததும், "என்னங்கய்யா கை இப்படி ஒட்டுது?" என்றது. காலைப் பூச்சு, மாம்பழம் என்றேன். "மொதல்ல போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க" என்றது. கழுவிவிட்டு வந்தேன். 118. நரம்பில் எடுத்தும் பார்த்தார்கள், எனக்கு ஒன்றுமே இல்லை. பத்து நாளாக நான் சோதித்தது செந்தூராப் பழத்தை. அங்கிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், ராணியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், நானும் சிரித்தேன். கிளம்பு, 11.20ஐப் பிடித்துவிடலாம் என்றேன். அந்தப் பெண்தான், "அம்மாவுக்கும் பாத்துடலாமே" என்றது. அவள் கையையும் கழுவச் சொன்னது. 436.

டாக்டர் துணியை அவிழ்த்தார். பெருவிரலும் அடுத்ததும் கறுப்பாக இருந்தன. தை மாதத்திலிருந்து நான் அந்தத் துணியை அவிழ்த்துப் பார்க்கவில்லை. நாளை மறுநாள் காலை ஆபரேஷன். இரண்டு விரலோடு நின்றால் நல்லது, பாதம் வரை ஏறியிருந்தால் உள்ளே பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கிறார். "ஏங்க இவ்ளோ லேட்டு?" என்று என்னைக் கேட்டார். இதே கேள்வியை நான் எத்தனை டிரைவரிடம் கேட்டிருப்பேன், எத்தனை பேர் சொன்ன காரணத்தை ஒப்புக்கொள்ளாமல் சிவப்பு மையில் எழுதியிருப்பேன். ஐந்து மாதம் லேட். அந்த எறும்பு எனக்காக வரவில்லை, மாப்ளே.

கட்டிலில் படுக்க வைத்ததும் அவள் என் கையைத் தொட்டு, "மெஷின் கெட்டுப்போச்சின்னு கவலப்பட்டுக்கிட்டே இருந்தீங்களே, மெஷின் நல்லாத்தான் இருக்குது" என்றாள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே எனக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள்.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. உடனே புறப்பட்டு வா என்று எழுதியதை மட்டும் வைத்துக்கொள். அவள் பயப்படுவாள் என்று எழுதியதும் தப்பு. அவள் பக்கத்துக் கட்டில் அம்மாவோடு தாண்ட்ரா எப்படிப் போடுவது என்று பேசிக்கொண்டிருக்கிறாள். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. ஓசூரிலிருந்து காலையில் முதல் வண்டி 4.50க்கு. தவற விடாதே.