காய்க்குப் பிறகு சோறு

"மொதல்ல காயைத் தின்னுரணும்வே. சோத்தைக் கடைசில தின்னா சர்க்கரை ஏறாது."

பாபநாசம் ஓட்டலில் கை கழுவிக்கொண்டிருந்த ஆவுடைநாயகத்தின் காதில் இது விழுந்தது. சொன்னவர் யாரோ, கையை உதறிவிட்டுச் சாப்பாட்டு மேசைப் பக்கம் போய்விட்டார். ஆவுடைநாயகத்துக்கு அது அசரீரி.

மறுநாள் அவருக்கு ரத்தப் பரிசோதனை. சர்க்கரை இறங்காவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் கோயிலுக்குப் புறப்படும்போதே மனைவி விஜயஸ்ரீ தீர்ப்பு வழங்கிவிட்டாள்: வெளியே எங்கே சாப்பிட்டாலும் ரெண்டு சப்பாத்தி. ஆனால் ஓட்டல் பலகையில் 'இன்று சொதிச் சாப்பாடு' என்று எழுதியிருந்ததே! தேங்காய்ப்பால் சொதி, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. அதைப் பார்த்த பிறகும் சப்பாத்தி கேட்பவன் திருநெல்வேலிக்காரனா?

"விஜி, இப்பம் வைத்தியமே மாறிட்டு. காய் முதல்ல, சோறு கடைசில. சர்க்கரை ஏறாது."

"யாரு சொன்னா?"

"பெரிய ஆளு."

"எந்த ஆஸ்பத்திரி?"

"அங்கன... கை கழுவுத இடத்துல."

விஜயஸ்ரீ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரிங்க. அப்படியே சாப்பிடுங்க."

ஆவுடைநாயகம் குழம்பிப்போனார். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சுளுவாக ஒத்துக்கொண்டதில்லை.

இலை விழுந்தது. சர்வர் சோற்றோடு வந்தார்.

"எனக்குப் போடுங்க தம்பி. சாருக்குக் காய்தான் முதல்ல."

முட்டைக்கோஸ் வந்தது. அவியல் வந்தது. கீரை வந்தது. இலை காலியாகும்போதெல்லாம் விஜயஸ்ரீ சர்வரைக் கூப்பிட்டாள். அவள் இலையில் சொதி ஓடியது.

"போதும் விஜி. இனி சோறு."

"காய் முடியட்டும்."

"காய் எப்பம் முடியும்?"

"அதை அந்தப் பெரிய ஆளு சொல்லலையா?"

ஆவுடைநாயகம் யோசித்தார். சொல்லவில்லை. கேட்டுவிடலாமென்று திரும்பினார். மூலை மேசையில் அந்த மனிதர் பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். இது காயா, சோறா, எதற்கு முன், எதற்குப் பின்? ஒன்றும் விளங்கவில்லை. அந்தக் குழப்பத்திலேயே இன்னொரு கரண்டி அவியலும் உள்ளே போயிற்று. பெரிய ஏப்பம் ஒன்று வந்தது.

"சோறு, சொதி... சோறு, சொதி..." சர்வர் அடுத்த மேசைக்கு வந்துவிட்டார். ஆவுடைநாயகம் கீரையை ஓரம் தள்ளி, இலையின் நடுவே இடம் பண்ணினார்.

விஜயஸ்ரீ கையை நீட்டி அவருடைய இலையை மூடினாள்.