கார் வாங்கப்போகிறவர்

'வாங்கப்போகிறவர்' என்று ஓர் இனம் நம்மிடையே உலாவி வருகிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கையில் காசில்லாமல் வாங்காதிருப்பவரோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இவரிடம் காசு இருக்கிறது, ஆசை இருக்கிறது, அவசியமும் இருக்கிறது. ஒரு குடை வாங்க வேண்டுமென்றால் நாலு கடை ஏறி, கைப்பிடி மரமா பிரம்பா என்று நாற்பது பேரிடம் விசாரித்து, குடைத்துணியை வெயிலில் பிடித்துப் பார்த்து, கடைக்காரருக்கே தெரியாத குடை ரகசியங்களைக் கடைக்காரருக்குச் சொல்லிக்கொடுத்து, அவர் வாங்கித் தந்த காப்பியையும் குடித்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துப்போட்டு வந்தர்றனுங்க" என்று எழுந்து போவார். அதற்குள் மழை வந்துவிடும். நனைவார். நனைந்தபடியே அடுத்த கடைக்குப் போவார்.

இந்த இனத்தில் குறையே சொல்ல முடியாத ஒருவர் திருப்பூரில் இருந்தார். பெயர் அர்த்தநாரி. பன்னிரண்டு மெஷின் ஓடும் பனியன் கம்பெனிக்கு முதலாளி. துணியை விரலால் நிமிண்டிப் பார்த்தே நூல் எந்த மில்லில் நூற்றது என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்தப் பனியனுக்கு லேபிள் போட வேண்டும் என்று வந்தபோது மான் படமா கிளிப் படமா என்ற கேள்வியில் இரண்டு வருஷம் போய்விட்டது. சரக்கு லேபிளே இல்லாமல் போயிற்று. மதுரைக் கடைக்காரர்கள் அதற்கு 'மொட்டைப் பனியன்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிலேயே அது பிரமாதமாக விற்றதுதான் அவரைக் கெடுத்தது. முடிவு செய்யாமல் இருந்தாலும் உலகம் நடக்கிறது என்று அவருக்குப் படிந்துவிட்டது.

எழுபத்தொன்றாம் வருஷம் அவர் கார் வாங்கத் தீர்மானித்தார். தீர்மானிப்பதில் தயக்கமே கிடையாது. எந்தக் கார் என்பதில்தான். கோயம்புத்தூரில் ஆறுமுகசாமி என்று ஒரு மில் மேனேஜர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தம்முடைய ஜெர்மனிக் காரை விற்கத் தயாராக இருந்தார். கறுப்பு நிறம், நாலு கதவு, உட்கார்ந்தால் உட்கார்ந்ததே தெரியாத தோல் மெத்தை. அவிநாசியில் லிங்கசாமி என்று ஒருவர், பினாங்கிலிருந்து குடும்பத்தோடு திரும்பியவர், கப்பலில் கொண்டுவந்த ஜப்பான் காரை விற்க நினைத்தார். சிவப்பு நிறம், இரண்டே கதவு, கிளப்பினால் தெருநாய்கூடத் துரத்த மனமில்லாமல் நின்றுவிடும் வேகம். இரண்டுக்கும் அவர்கள் சொன்ன விலை ஏறக்குறைய ஒன்றுதான். அதுதான் வினையே. ஒன்று ஆயிரம் ரூபாய் அதிகம் என்றிருந்தால் மனிதர் பிழைத்திருப்பார்.

கார் வெறும் ஆசைக்கு மட்டும் இல்லை. அவருடைய தங்கை தெய்வாத்தாள் கணவனை இழந்து, தனியாக நின்று ஒரே மகள் கண்ணம்மாளை வளர்த்தவள். கண்ணம்மாளுக்கு வைகாசியில் திருமுருகன்பூண்டிக் கோயிலில் கல்யாணம் என்று நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். பெண்ணை அழைத்துவர ஒரு வாடகைக் காரை நாங்களே அமர்த்திவிடுகிறோம் என்றார்கள். தெய்வாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்து, "வேண்டாமுங்க. புள்ளைக்குத் தாய்மாமன் இருக்காரு. அவரு கார்லதானுங்க எம்பொண்ணு வருவா" என்று சொல்லிவிட்டாள். அன்று சபையில் அர்த்தநாரி மீசையைத் தடவிக்கொண்டார். அது மாசி மாதம். மூன்று மாதம் இருந்தது. ஒருவர் கார் வாங்க மூன்று மாதம் போதாதா?

போதாது. முதலில் ஜெர்மனிக் காரின் கதவைச் சாத்தும்போது வரும் சத்தத்தைக் கேட்கவேண்டியிருந்தது. அதற்காக நாலு தடவை கோயம்புத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். 'டப்' என்று சாத்துகிறதா, 'டம்' என்று சாத்துகிறதா? பிறகு ஜப்பான் காரில் அவிநாசி ரோட்டில் பறந்து பார்த்தார். வேஷ்டி அவிழ்ந்தது, குதூகலம் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "பின்சீட்ல ஏறோணும்னா முன்சீட்டை மடக்கோணும். நாலு பேர் பாக்கறாப்பல எறங்க முடியாதே" என்று கவலைப்பட்டார். கம்பெனிக் கேட்டை நாடாவால் அளந்தார். மனைவி சுப்புலட்சுமியை நாற்காலியில் உட்காரவைத்து, காரிலிருந்து இறங்குவதுபோல் இறங்கச் சொன்னார். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரிடம், வாயில் பஞ்சோடு, கார் பற்றிக் கேட்டார். சந்தையில், சாவு வீட்டில், சலூனில் கேட்டார். கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் காரில் ஏறியதே இல்லை. அவர்கள் சொன்ன யோசனைகளைத்தான் அவர் மிகவும் மதித்தார்.

"ஏனுங்க, கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசந்தான் இருக்குதுங்க" என்பாள் சுப்புலட்சுமி.

"ஆச்சு புள்ளே. ஒண்ணே ஒண்ணு மட்டும் பாக்கோணும்."

அந்த ஒன்று, இரண்டு கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் காரோடு கம்பெனி வாசலுக்கு வரவழைத்தார். தெருவே கூடிவிட்டது. கட்டிங் மாஸ்டர்கள் கத்தரியோடு வந்து நின்றார்கள். அர்த்தநாரி நடுவில் நின்று, ஒரு வாத்தியாரைப்போல, ஜெர்மனிக் கார்க்காரருக்கு ஜப்பான் காரின் சிறப்புகளையும் ஜப்பான் கார்க்காரருக்கு ஜெர்மனிக் காரின் சிறப்புகளையும் விளக்கினார்.

"நீங்க ஒண்டி ஆளு," என்று ஆறுமுகசாமியிடம் சொன்னார். "உங்களுக்கு இத்தனாம்பெரிய காரு எதுக்குங்க? இதைப் பாருங்க, சின்னதா, சுருக்குனு. கைகாட்டுனா திரும்புது, பெட்ரோலை மோந்து பாத்துக்கிட்டே ஓடுது." லிங்கசாமியிடம் திரும்பினார். "உங்க ஊட்டுல நாலு கொழந்தைங்க, அம்மாவும் இருக்காங்க. அவங்க எப்படீங்க அந்த சீட்டை மடக்கிப் பூந்து உக்காருவாங்க? இதுல ஊட்டையே தூக்கி உள்ள வெக்கலாமுங்க!"

இப்படிப் பேசக்கூடிய ஒரு மனிதர் ஒரு கார்க் கம்பெனியில் விற்பனையாளராக இருந்திருந்தால் கோடீசுவரர் ஆகியிருப்பார். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காப்பி குடித்தார்கள். அர்த்தநாரி மட்டும், "ஒரு வாரத்துல சொல்லிப்போடறனுங்க" என்று வழியனுப்பிவைத்தார்.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது இருவரும் தட்டு நிறையப் பழத்தோடு வந்தார்கள். சிவப்புக் காரிலிருந்து ஆறுமுகசாமி இறங்கினார். பத்து வயது குறைந்தாற்போல் இருந்தார். கறுப்புக் காரிலிருந்து லிங்கசாமி, லிங்கசாமியின் மனைவி, நாலு குழந்தைகள், அம்மா, அம்மாவின் வெற்றிலைப் பெட்டி எல்லாம் இறங்கின.

"எல்லாம் உங்களாலதானுங்க," என்றார் ஆறுமுகசாமி. "நீங்க சொன்னது அப்படியே மனசுல பதிஞ்சு போச்சு. நாங்களே மாத்திக்கிட்டோம்."

உள்ளே சுப்புலட்சுமி காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள். தெய்வாத்தாளுக்கு அன்று மாலையே சேதி போய்விட்டது. அவள் அழுதுகொண்டே வந்தாள். "அண்ணா, சபையில சொல்லிப்போட்டனே. மாப்பிள்ளை ஊட்டுல கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" அர்த்தநாரி அன்று சாப்பிடவில்லை. பாவம், கெட்ட மனிதர் இல்லை. தங்கை கண்ணில் தண்ணீர் பார்த்தால் தாங்கமாட்டார்.

மறுநாள் கிளம்பிப் போய் கார்க்காரர்கள் இருவரிடமும் உதவி கேட்டார். நன்றி மறக்காதவர்கள், கல்யாணத்துக்குக் கார் தருகிறோம் என்று இருவருமே சொன்னார்கள். இவற்றில் எதை வாங்கிக்கொள்வது? நீங்கள் என்றால் ஒன்றைச் சொல்லியிருப்பீர்கள். அர்த்தநாரி இரண்டையும் வரச் சொன்னார்.

முகூர்த்தம் காலை ஆறரைக்கு. கோயிலுக்கு அரை மைல் தள்ளி ஓர் உறவினர் வீட்டில் பெண்ணுக்கு அலங்காரம். ஐந்தரைக்கே வாசலில் கறுப்புக் கார் ஒன்று, சிவப்புக் கார் ஒன்று, இரண்டிலும் மல்லிகைச் சரம். நாயனக்காரர்கள் முன்னால் நின்றுவிட்டார்கள். கண்ணம்மாள் மாம்பழ மஞ்சள் பட்டில் வெளியே வந்தாள். தெய்வாத்தாளின் முகத்தில் அன்று இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு கார் சொன்ன இடத்தில் இரண்டு!

"எதுல ஏறட்டுங்க மாமா?" என்றாள் கண்ணம்மாள்.

சாதாரணக் கேள்விதான். அர்த்தநாரி ஜெர்மனிக் காரின் கதவைத் திறந்தார். பட்டு கசங்காது. சாத்தினார். வழியில் சிற்பப் பட்டறை வாசலில் ஒரு கல் தூணை இறக்கிப் போட்டிருந்தார்கள்; பெரிய கார் போகுமா? சிவப்புக் காரிடம் போனார். புகுந்து போய்விடும். ஆனால் மணப்பெண் குனிந்து, சீட்டை மடக்கி, பின்னால் நுழைவதா? முன்னால் உட்காரவைத்தால் தோழி எங்கே? மறுபடி கறுப்புக் கார். கல் தூணின் நீளம் எத்தனை அடி என்று யாரையோ பார்த்துவரச் சொன்னார். லிங்கசாமி ஜெர்மனி என்றார். ஆறுமுகசாமி ஜப்பான் என்றார். ஒரு பெரியவர், சிவப்புதான் மங்களம் என்றார். இன்னொருவர், கறுப்பு திருஷ்டிக்கு நல்லது என்றார். நாயனக்காரர் அதே கீர்த்தனையை மூன்றாம் தடவை ஆரம்பித்தார். ஆறு மணி. ஆறு பத்து. கோயிலிலிருந்து, குருக்கள் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது.

"அண்ணா, நேரமாகுதுங்ணா!" தெய்வாத்தாளின் குரல் உடைந்தது.

"இரு அம்மிணி, ஒண்ணே ஒண்ணு..."

கண்ணம்மாள் ஒரு நிமிஷம் மாமாவைப் பார்த்தாள். கோபமில்லை. சின்ன வயதிலிருந்து அவர் தோளில் ஏறி வளர்ந்தவள் அவள். புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, உங்களுக்கு ரெண்டு காருங்க. எனக்கு ஒரே மாப்பிள்ளைதானுங்க. அவரு அங்க காத்துட்டிருக்காரு" என்றாள். நடந்தாள்.

நாயனக்காரர் அவசரமாக அவளுக்கு முன்னால் ஓடினார். தெய்வாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனாள். ஊரே போயிற்று. பட்டறையில் சிற்பிகள் உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். காரில் போயிருந்தால் அந்தப் பெண்ணை யார் பார்த்திருப்பார்கள்? வீதி முழுவதும் அவளைப் பார்த்தது. கார்க்காரர்கள் இருவரும்கூடக் காரை விட்டுவிட்டு நடந்து போய்விட்டார்கள்.

இரண்டு கார்களுக்கும் நடுவில் அர்த்தநாரி தனியாக நின்றார். சுப்புலட்சுமி பத்தடி போனவள் திரும்பி வந்தாள். "நெத்திப்பட்டம் தாய்மாமன்தான் கட்டோணும். நடந்து வாறீங்களா, ஓடி வாறீங்களா? அதையும் நாலு பேர்த்தைக் கேக்கோணுமா?"

ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில், சரிகை வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல் தூணைத் தாண்டிக் குதித்து ஓடினார். மூச்சு வாங்க, வியர்வை சொட்ட, சரியான நேரத்தில் பெண்ணின் நெற்றியில் பட்டத்தைக் கட்டினார். கண்ணம்மாள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவர் அழுதார். மாப்பிள்ளை வீட்டார், பெண் நடந்து வந்த அழகைப் பற்றியே சாப்பாட்டுப் பந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். கார் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதன்பின் அவர் திருந்தினாரா என்று கேட்பீர்கள். அந்த வருஷமே உள்நாட்டுக் கார் ஒன்றுக்குப் பதிவு செய்தார். பதிவு செய்தால் கார் கைக்கு வர ஏழெட்டு வருஷம் ஆகும் என்று சொன்னார்கள். அதைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைச் சுப்புலட்சுமி அதற்கு முன் பார்த்ததில்லை. ஏழு வருஷம்! என்ன நிறம் என்று நிதானமாக யோசிக்கலாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லவேண்டும். அந்தப் பெண் வாசலில் நின்றபோது உங்கள் மனம் எங்கே இருந்தது? கல் தூணைச் சுற்றிப் பெரிய காரை எப்படி ஒடித்துத் திருப்பலாம், தோழியைப் பின்னால் ஏற்றிவிட்டுப் பெண்ணை முன்னால் உட்காரவைத்தால் என்ன என்று யோசித்தீர்களா இல்லையா? இப்போதுகூட, "நடந்தது சரிதான், இருந்தாலும் அந்த ஜெர்மனிக் காரில்..." என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டதல்லவா?

வெளியில் எங்காவது போகவேண்டியிருந்தால், தயவு செய்து, கிளம்புங்கள்.