மாமாவின் ஐம்பது

ரசத்தைத் தொட்டு வாழையிலை ஓரத்தில் பஞ்சாபகேசன் கணக்குப் போட்டான். இங்கிலீஷில் முப்பத்தெட்டு. மற்றப் பாடங்களில் எவ்வளவு வாங்கினால் சராசரி ஐம்பது வரும்? விடை வருவதற்குள் அம்மா மோரை ஊற்றிவிட்டாள். கணக்கு கரைந்து போயிற்று.

மாமா பெண் சூடாமணி என்றால் அவனுக்கு உயிர். பி.ஏ. கடைசி வருஷம் தொடங்கியதும் அம்மா ஸ்ரீவராகத்தில் இருக்கும் தன் அண்ணா வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டாள். மாமா வெங்கடகிருஷ்ணன் சொல்லியனுப்பியது இவ்வளவுதான்: "பரீட்சை முடியட்டும். சராசரி ஐம்பது, அதாக்கும் என் கணக்கு. அதைப் பாத்துட்டு முகூர்த்தம் வெச்சுக்கலாம்."

பஞ்சாபகேசனின் சராசரி அப்போது நாற்பத்தைந்து.

வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பாறசாலைக்காரன் அருமைநாயகம் திட்டம் போடுவதில் புலி. படிப்பில் எப்படி என்று யாரும் கேட்டதில்லை.

"இங்கிலீஷ விட்டுத் தள்ளுடே. தமிழ்ல ஏறிப் பிடி. பொறவு எல்லாம் சமமாயிரும்" என்றான்.

சமமாகத்தான் ஆயிற்று. அடுத்த தேர்வில் தமிழ் பத்து ஏறியது, இங்கிலீஷ் பத்து இறங்கியது. இங்கிலீஷைப் பிடித்து நிறுத்தினால் சரித்திரம் சரிந்தது. சரித்திரத்தைக் கவனித்தால் பொருளாதாரம் முறைத்துக்கொண்டது. நாற்பத்தைந்து மட்டும் குத்துக்கல்லாக நின்றது.

மாமாவிடமே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஸ்ரீவராகத்துக்கு நடந்தான். கேட்டதும் மாமா முதுகைத் தட்டிக் கொடுத்தார். நாற்பத்தைந்து ரொம்பப் பேஷ் என்றார், உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்றார், மாமியைக் கூப்பிட்டு இன்னொரு டம்ளர் காப்பி கொண்டுவரச் சொன்னார். பஞ்சாபகேசனுக்குக் காப்பி இறங்கவில்லை. மாமா தன்னைக் கைகழுவிவிட்டார் என்று அவனுக்குப் புரிந்தது. இல்லாவிட்டால் நாற்பத்தைந்துக்கு யாராவது இரண்டாம் காப்பி கொடுப்பார்களா?

அன்றிலிருந்து வெறி பிடித்த மாதிரி படித்தான். சராசரி நாற்பத்தொன்பதாயிற்று. ஓடிப்போய்ச் சொன்னான். மாமா முகம் சுண்டிவிட்டது. பொன்முடி மலையில் இப்போது நல்ல குளிர், புஸ்தகத்தை மூட்டை கட்டிவிட்டுத் தன்னோடு கொஞ்ச நாள் வந்து இருக்கலாமே என்றார். மனஉறுதியைச் சோதிக்கிறார் போலும் என்று பஞ்சாபகேசன் பணிவாக மறுத்துவிட்டான்.

அடுத்து ஐம்பத்துமூன்று. மாமா தம் காப்பியையே குடிக்காமல் உள்ளே போய்விட்டார்.

அவனுக்குத் தலை சுற்றியது. ஏற ஏற மாமா இறங்குகிறாரே! ஒருவேளை அறுபது என்று சொல்லியிருப்பாரோ என்று அம்மாவைத் துளைத்தான். ஐம்பதுதான் என்று அவள் பத்மநாபசுவாமி மேல் ஆணையிட்டாள். அருமைநாயகம் நெடுநேரம் யோசித்தான்.

"எதுக்கும் அறுபதே எடுத்துரு. கூடிப்போச்சுன்னு எவனாவது அடிப்பானா?"

முடிவு வந்தது. சராசரி அறுபத்தொன்று, முதல் வகுப்பு. வாத்தியார்களே இரண்டு தடவை சரிபார்த்தார்களாம்.

சாலைக் கடையில் கல்கண்டு வாங்கிக்கொண்டு பஞ்சாபகேசன் மாமா வீட்டுக்குப் பறந்தான். மாமா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். செய்தி அவருக்கு முன்பே வந்துவிட்டது. சமையலறை வாசலில் சூடாமணி அழுது சிவந்த கண்ணோடு நின்றாள். அதைப் பார்த்ததும் அவன் பொட்டலத்தோடு மாமாவின் எதிரில் போய் நின்றான்.

"அறுபத்தொண்ணு வாங்கியிருக்கேன் மாமா. இன்னும் நான் என்ன பண்ணணும்? சொல்லுங்கோ."

கல்கண்டுப் பொட்டலத்தை மாமிதான் வாங்கிக்கொண்டாள்.

"மூத்தவா ரெண்டு பேரையும் முதல் வகுப்பு மாப்பிள்ளைகள் கராச்சிக்கும் டில்லிக்கும் கூட்டிண்டு போயிட்டா. இவளாவது கண்ணெதிர்ல இருக்கட்டும்னு, ஐம்பதைத் தாண்டாத பையனாத்தானே பஞ்சு, உங்க மாமா தேடிண்டிருந்தார்?"